லைட் பிடிப்பவர் படத்தில் வரமாட்டார்

1. முதல் நாள்

கல்யாண போட்டோகிராபராக நான் வேலை பார்த்த முதல் நாள், தாலி கட்டும் படம் என்று நான் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு என் மச்சான் குணா கேட்டான்: "இன்னா மாமா இது, கல்யாணமா, சாலை மறியலா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. படத்தில் மாப்பிள்ளை இருந்தார், மணப்பெண் இருந்தார், புரோகிதர் இருந்தார். அவர்களுக்குப் பின்னால் ஊரே இருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் வேட்டியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு குழந்தை மைக் ஒயரை வாயில் வைத்திருந்தது. எல்லாரும் மூக்கு முழியோடு, பெயர் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருந்தார்கள்.

நான் கடலூரில் ஒரு நாளிதழுக்குப் பல வருடம் போட்டோகிராபராக இருந்தவன். கலெக்டர் ஆபீஸ் மனு நாள், துறைமுகத்தில் புயல் கூண்டு, வெள்ளம், மறியல், கோர்ட் வாசல் என்று ஓடியது. அங்கே படம் என்றால் பின்னால் நிற்பவரும் தெரிய வேண்டும். படத்துக்குக் கீழே "இடமிருந்து வலம்" என்று ஆரம்பித்து எல்லார் பெயரையும் போடுவார்கள். ஏதாவது ஒரு வட்டச் செயலாளரின் முகம் மங்கலாக விழுந்துவிட்டால், மறுநாள் காலை அவரே ஆபீசுக்கு வந்து தன்னைத் தெளிவாக விளக்குவார்.

நிருபரின் செல்போனிலும் கேமரா இருக்கிறது என்பதை நிர்வாகம் கண்டுபிடித்த பிறகு, என்னைப் போன்றவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். சால்வை போர்த்தும் படத்தை நிருபர் செல்போனில் எடுத்தார். என் முகம் இருட்டாக விழுந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் குணாவிடம் சேர்ந்தேன். அவன் என் மனைவியின் தம்பி. மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவன் எடுப்பது வீடியோவும், யாரும் போஸ் கொடுக்காதபோது எடுக்கும் கேண்டிட்டும். நான் எடுப்பது "ட்ரெடிஷனல்". மேடையில் நின்றுகொண்டு "எல்லாரும் இங்க பாருங்க" என்று கத்துகிற வேலைக்கு இந்தத் தொழில் வைத்திருக்கும் கௌரவமான பெயர் அது.

2. ப்ளர்

நான் சேர்ந்த சில மாதத்தில் குணா ஒரு 85 எம்.எம். லென்ஸ் வாங்கினான். எஃப் 1.4. முன்னால் நிற்பவர் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாக விழும் ரகம். கடைக்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்தால், கோவிலில் திரை விலக்குவதற்கு முன் மணி அடிப்பார்களே, அந்த மணி ஒன்றுதான் குறை.

"ஓப்பன்ல அடிச்சீங்கன்னா பேக்ரவுண்டு வெண்ணெ மாதிரி உருகிடும்" என்றார் கடைக்காரர்.

"பின்னாடி ஆளுங்க நின்னா?" என்று கேட்டேன்.

"ஆளுங்களும் உருகிடுவாங்க சார்."

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் லென்ஸைப் பற்றி வீடியோ போடும் தம்பிகள் அதைப் பூந்தொட்டியை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பூந்தொட்டி நல்ல சுபாவம் உள்ளது. முகூர்த்த நேரத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வராது. "தம்பி, என்னை இன்னும் எடுக்கலியே" என்று தோளைத் தட்டாது. பூந்தொட்டியை மட்டும் எடுத்துப் பிழைப்பதாக இருந்தால் அவர்கள் சொல்லும் லென்ஸைத் தாராளமாக வாங்கலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம். முதலில் நல்ல செருப்பு. அடுத்தது, ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டில் எழுதும் கேமரா. ஒரு கார்டு செத்துப்போனால் கல்யாணத்தை மறுபடி நடத்தித் தரமாட்டார்கள். மூன்றாவது, ஒரு சாதாரண 35 எம்.எம். அல்லது 24-70. இதெல்லாம் வந்த பிறகு வெண்ணெய். கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: நம் ஊர் உப்புக் காற்று லென்ஸுக்குள் குடித்தனம் வைக்கும். பீச்சில் எடுத்துவிட்டு வந்தால் ஈரத் துணியால் வெளிப்புறம் முழுவதும் துடையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். லெதர் பை பார்க்க அழகாக இருக்கும். பூஞ்சைக்கும் அது பிடிக்கும்.

குணா நான் சொன்ன எதையும் வாங்கவில்லை. 85 எம்.எம்.முக்கு லெதர் பை வாங்கினான்.

3. மணப்பெண் கேட்ட ஒரே படம்

நிவேதாவுக்கு ஊர் சிதம்பரம், வேலை கடலூரில். மாப்பிள்ளை மங்கலம்பேட்டை. கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் ஷூட்டுக்கு இருவரையும் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போயிருந்தோம். அந்த ஷூட்டில் மாப்பிள்ளை ஓடி வர வேண்டும், பெண் திரும்பிப் பார்க்க வேண்டும், துப்பட்டா பறக்க வேண்டும். காற்று நிறைய இருந்ததால் துப்பட்டா நன்றாகவே பறந்தது. ஒரு கருவாட்டுக் கூடை வரை போய்த் திரும்பக் கிடைத்தது.

மாப்பிள்ளை சட்டை மாற்றப் போன நேரத்தில் நிவேதா குணாவிடம் வந்தார்.

"அண்ணா, எனக்கு ஒரே ஒரு போட்டோ கண்டிப்பா வேணும். தாலி கட்றப்ப எங்கம்மாவும் அதுல இருக்கணும்."

"அதுக்கு இன்னாம்மா, பக்கத்துல நிக்க வச்சா போச்சு" என்றான் குணா.

"அப்பா இல்லண்ணா."

இதற்கு விளக்கம் தேவையில்லை. கணவன் இல்லாத பெண்கள் அந்த நேரத்தில் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று இன்று யாரும் சொல்வதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சமையல்கட்டில் அவர்களுக்குத் திடீரென்று ஒரு வேலை வந்துவிடும், அவ்வளவுதான்.

"எங்கக்கா கல்யாணத்துல கெட்டிமேளம் கேட்டுத்தான் தாலி கட்டிட்டாங்கன்னே அம்மாவுக்குத் தெரியும். பந்திக்கு எலை எண்ணிக்கிட்டிருந்தாங்க" என்றார் நிவேதா.

"அப்புறமா கூட நிக்க வச்சு எடுத்துக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"அப்புறம் எல்லார் கூடயும்தான் சார் எடுப்பீங்க. எனக்கு அந்த நேரத்துல வேணும். தனித்தனியா எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுக்கக் கூடாது. ஒட்டினா எனக்குத் தெரியும். அவுங்க அங்க இருக்கணும், நானும் பாக்கணும்."

"பாத்துக்கலாம்மா" என்றான் குணா.

எங்கள் தொழிலில் "பாத்துக்கலாம்" என்றால் முடியாது என்று பொருள். பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் 'பாத்துக்கலாம்' என்று சொல்லவில்லை.

4. முதல் பந்தி

சிதம்பரத்தில் மண்டபம். முந்தின நாள் மாலை வரவேற்பு. நீங்கள் எந்த லென்ஸ் வைத்திருந்தாலும் சரி, மண்டபத்துக்குப் போனதும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ப்ளக் பாயிண்ட் எங்கே, மேடைக்கு எந்தப் பக்கம் படி, சாப்பாடு எங்கே. போட்டோகிராபர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கௌரவம் பார்த்து "அப்புறம் சாப்பிடுறோம்" என்று சொன்னவர்கள் ரசமும் வாழ்த்தும் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு போயிருக்கிறார்கள்.

மணப்பெண்ணின் அம்மா விஜயாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். அங்கன்வாடியில் வேலை. ஐம்பது வயது இருக்கலாம். பந்தியில் ஓடிய நான்கு பிள்ளைகளை ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார். எங்கள் இலையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்பளம் வைக்கல பாருங்க" என்று எடுத்து வந்து வைத்தார்.

பின்னாலேயே பெரியப்பா வந்தார். நிவேதாவின் அப்பாவுக்கு அண்ணன். அப்பா இடத்தில் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவர். எந்தப் பேச்சையும் "நான் இருக்கேன்ல" என்று முடிக்கிறவர். வரவேற்பு முழுவதும் நான் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அவர் இருந்தார்.

"விஜயா, காலைல பந்தி பக்கத்த நீ பாத்துக்க" என்றார். "வேற யாரையும் நம்ப முடியாது. மேடைக்கு நான் இருக்கேன்ல."

"சரிங்க மாமா" என்றார் விஜயா. அப்பளத் தட்டை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரை வெளியேற்றி நான் பார்த்தது இல்லை. கோர்ட்டில்கூட மூன்று முறை கூப்பிடுவார்கள்.

சாப்பிட்டதும் நானும் குணாவும் இடம் பார்த்தோம். பந்திக் கூடம் மண்டபத்துக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். மேடையும் பந்திக் கூட வாசலும் எந்த மூலையில் நின்றாலும் ஒரே பிரேமில் வராது.

"வாசல்ல நிக்கச் சொல்லி தனியா ஒண்ணு எடுத்து..." என்று குணா ஆரம்பித்தான்.

"ஒட்டக் கூடாதுன்னு சொல்லிடுச்சு."

"அப்ப மேடைக்கு வரணும். வந்தா பெரியப்பா சாமியாடுவாரு. நமக்கு எதுக்கு மாமா குடும்ப விஷயம்? எனக்கு 85 இருக்குது. பொண்ணு மாப்ளைய பளிச்சுனு எடுத்துக் குடுத்துட்டா எல்லாத்தையும் மறந்துடும்."

"உன் லென்ஸ்ல அந்தம்மா மேடைக்கே வந்தாலும் தெரிய மாட்டாங்க. மஞ்சளா ஒரு பூசணிக்கா தெரியும்."

அவன் கோபித்துக்கொண்டு பேட்டரியைச் சார்ஜில் போடப் போனான்.

5. இரண்டு வீட்டு வெளிச்சம்

நம் பக்கம் கல்யாணத்தில் பெண் வீடு ஒரு போட்டோகிராபரைக் கூப்பிடும், மாப்பிள்ளை வீடு ஒருவரைக் கூப்பிடும். இருவரும் ஒரே மேடையில், ஒரே மாலையை, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு எடுப்பார்கள். சம்பந்திகளுக்குள் வரவேண்டிய சண்டையை முன்கூட்டியே போட்டுத் தீர்ப்பதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

காலையில் மேடை ஓரம் என் லைட் ஸ்டாண்டை நிறுத்தி, மேலே வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட் பாக்ஸ் மாட்டிய ஃப்ளாஷை வைத்தேன். கேமராவில் மாட்டிய டிரிகர் சொன்னால் ஸ்டாண்டில் இருக்கும் ஃப்ளாஷ் அடிக்கும். அதற்கு இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து சடங்கு ஆரம்பித்ததும் என் ஸ்டாண்ட் லைட் நான் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தது. நான் அடிக்கும்போது அடிக்க மறுத்தது. சில வேலையாட்கள் இப்படித்தான் இருப்பார்கள். ஆனால் இது மெஷின்.

மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் தினேஷ் நெய்வேலிக்காரர், சின்ன வயது. கழுத்தில் இரண்டு கேமரா. எனக்கும் அவருக்கும் ஒரே கம்பெனி டிரிகர்.

"தம்பி, நீங்க எந்த சேனல்?"

"ஒண்ணுண்ணே. வாங்குனப்ப வந்தது, மாத்தவே இல்ல."

"நானும் ஒண்ணு. நீங்க அடிக்கிறப்ப எல்லாம் என் லைட்டு அடிக்குது."

"அப்படியாண்ணே? அதான் காலைலேர்ந்து லைட்டிங் சூப்பரா வருது" என்றார். முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. "அப்படியே விட்டுடலாமே, நல்லாத்தானே இருக்கு?"

நான் சேனலை மாற்றினேன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மேடை ஏறியதும் எதிர்க் கட்சி போட்டோகிராபருக்கு வணக்கம் சொல்லுங்கள், சேனல் கேளுங்கள், மாற்றுங்கள். மாற்றவில்லை என்றால் உங்கள் பேட்டரி அடுத்த வீட்டு ஆல்பத்துக்கு உழைக்கும். என்னுடையது ஏற்கெனவே பாதி உழைத்து முடித்திருந்தது.

6. மணல் பை

முகூர்த்த நாள் என்றால் ஊரில் இருக்கும் எல்லா லைட் பாயும் எங்காவது ஒரு கல்யாணத்தில் இருப்பார்கள். எங்களுக்கு அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஸ்டாண்ட் விழாமல் இருக்க அதன் காலில் ஒரு மணல் பையைக் கட்டி வைத்திருந்தேன். மேடைக்கு எதிரே இரண்டு பெரிய ஃபேன். சாஃப்ட் பாக்ஸ் லேசாக ஆடியது; விழவில்லை. மணல் பை நல்ல பொருள். சத்தம் போடாது, டீ கேட்காது.

புரோகிதர் தேங்காயில் தாலியை வைத்து ஆசீர்வாதத்துக்குக் கூட்டத்துக்குள் அனுப்பினார். தட்டு சுற்றி வர நேரம் இருக்கிறது. அப்போதுதான் நிவேதா மணவறையிலிருந்து பந்திக் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அங்கே பேசும் உரிமை அன்றைக்குப் பெரியப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது.

நான் குனிந்து மணல் பையை அவிழ்த்து மேடை விரிப்புக்கு அடியில் தள்ளினேன். பந்திக் கூடத்துக்குப் போனேன். விஜயா சாம்பார் வாளிகளின் நடுவில் நின்றிருந்தார்.

"ஏம்மா, ஒரு அவசரம். லைட் ஸ்டாண்டு ஆடுது. புடிக்க ஆள் இல்ல. வந்து புடிங்க."

"நானா? நான் மேடை கிட்ட வரக் கூடாதுண்ணே."

"மேடைக்கு யாரு கூப்ட்டது? ஓரத்துல கம்பிய புடிக்கத்தான் கூப்புடுறேன்."

"வேற யாரனா ஆம்பளைங்கள..."

"ஆம்பளைங்க எல்லாம் வீடியோ எடுக்குறாங்க. அது விழுந்தா மாப்ள தலையிலதான் விழும். அப்புறம் உங்க இஷ்டம்."

மாப்பிள்ளை தலை என்றதும் அவர் கரண்டியை வைத்துவிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்தார். மணவறைக்கு அந்தப் பக்க ஓரத்தில், மேடையின் கடைசிப் பலகையில் அவரை நிறுத்தினேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா பார்த்துவிட்டார். மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னா இது? இவ எதுக்கு இங்க?"

"லைட் புடிக்க ஆளு இல்லைங்க ஐயா. நீங்க புடிக்கிறீங்களா?"

"நான் எப்புடி... நான் போட்டோல இருக்கணும்ல?"

"அதான் ஐயா. இவுங்கன்னா பரவால்ல. லைட்டு புடிக்கறவங்க போட்டோல வர மாட்டாங்க."

அவர் யோசித்தார். லைட் பிடிப்பவர் படத்தில் வரமாட்டார் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை. எந்த ஆல்பத்திலாவது லைட் பாயைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே நின்றாலும் அங்கே இல்லாதவர் அவர். பெரியப்பாவுக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. "சரி, சரி, ஓரமா நிக்கட்டும்" என்று விட்டுப் போய்விட்டார்.

குணா கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான். மணல் பை எங்கே என்று அவன் கேட்கவில்லை. எட்டு வருடம் தொழிலில் இருப்பவன்.

7. கெட்டிமேளம்

கேமராவில் 35 எம்.எம். மாட்டினேன். அப்பர்ச்சர் எஃப் 8. இந்தத் தொழிலில் இன்றைக்கு எஃப் 8 வைப்பவனை டெலிபோன் பூத் வைத்திருப்பவனைப் போலப் பார்க்கிறார்கள். ஆனால் மணவறைக்கு மூன்று அடி முன்னால் இருப்பதிலிருந்து மேடையின் கடைசிப் பலகை வரை எல்லாம் தெளிவாக விழ வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. அலுமினிய ஏணியில் இரண்டு படி ஏறினேன். பெண், மாப்பிள்ளை, அவர்கள் தோளுக்கு மேலே அந்த ஓரத்தில் விஜயா. சாஃப்ட் பாக்ஸ் பிரேமுக்கு வெளியே, கம்பி உள்ளே.

"அண்ணே" என்றார் தினேஷ் பக்கத்திலிருந்து. "உங்க லைட் புடிக்கிற அம்மா என் பிரேம்ல வர்றாங்க. கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன்."

"எந்த லென்ஸ்?"

"85, ஒன் பாயிண்ட் ஃபோர்."

"கவலப்படாதீங்க தம்பி. உருகிடுவாங்க."

தாலி கைக்கு வந்தது. புரோகிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார். மண்டபம் எழுந்து நின்றது. கையில் அட்சதை உள்ளவர்கள் பாதி, செல்போன் உள்ளவர்கள் மீதி. சரியாக அந்த நேரத்தில் பெரியப்பா, தாலி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று மேற்பார்வை பார்ப்பதற்காகக் குனிந்தார். விஜயா இருந்த இடத்தில் ஒரு பட்டு அங்கவஸ்திரம் மட்டும் தெரிந்தது.

"ஐயா, உங்க முகம் விழல" என்று கத்தினேன். "ஒரு அடி இப்படி!"

அந்த மேளச் சத்தத்திலும் அது அவர் காதில் விழுந்தது. உடனே நகர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் படத்தில் தினேஷின் முழங்கை. இரண்டாவது படத்தில் ஸ்டாண்ட் லைட் அடிக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து அடித்த பேட்டரி. மறுபடி சார்ஜ் ஏற நேரம் எடுத்தது. விஜயா நிமிர்ந்து மேலே பார்த்தார். தன் பொறுப்பில் இருக்கும் பொருள் வேலை செய்யவில்லை என்ற கவலையில், ரிமோட்டைத் தட்டுவது போலக் கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். தட்டினால் ஃப்ளாஷ் சார்ஜ் ஏறாது. ஆனால் மேலே பார்த்தவர் அப்படியே முன்னால் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். நிவேதா தலை குனிந்திருந்தார். கண் மட்டும் லைட் இருந்த பக்கம் உயர்ந்திருந்தது. யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். லைட்டைப் பாருங்கள் என்று காலையிலிருந்து நாங்கள்தானே கத்திக்கொண்டிருக்கிறோம். நான் அழுத்தினேன். லைட் அடித்தது.

விஜயா அழவில்லை. மற்ற எல்லார் கையிலிருந்தும் அட்சதை பறந்தது. அவர் கை இரண்டும் கம்பியில் இருந்தன.

8. சாமந்தி

தேர்ந்தெடுத்த படங்களைக் குணா புதுச்சேரியில் இருக்கும் ஆல்பம் டிசைனர் பிரகாஷுக்கு அனுப்பினான். முதல் நகல் வந்தது. அந்தப் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. பெண், மாப்பிள்ளை, புரோகிதர், சிரிக்கும் பெரியப்பா. விஜயா நின்ற இடத்தில் சாமந்தி பூத்திருந்தது. மேடை அலங்காரத்தில் இருந்த அதே சாமந்தி, அதே வரிசையில், ஒரு இதழ்கூடப் பிசகாமல்.

போன் செய்தேன்.

"லைட் ஸ்டாண்டு பிரேம்ல வந்துருந்துச்சுண்ணே" என்றான் பிரகாஷ். "நீங்க கவனிக்கல போல. கிளீன் பண்ணிட்டேன்."

"ஸ்டாண்டு கூட ஒருத்தங்க இருந்தாங்களே?"

"ஆமாண்ணே, லைட் புடிக்கிற அம்மா. அவுங்களும் போயிட்டாங்க. இப்ப எல்லாம் ஏஐ தாண்ணே. ஒரே கிளிக்."

இதே வேலைக்குப் பெரியப்பாவுக்கு ஒரு பந்திக் கூடமே தேவைப்பட்டது.

"அவுங்க பொண்ணோட அம்மா" என்றேன்.

"அம்மாவா? அப்ப ஏண்ணே லைட் புடிச்சாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் போனில் சொல்லும் நீளத்தில் இல்லை. "பழையபடி போடு" என்று மட்டும் சொன்னேன்.

பிரகாஷ் நல்ல பையன். சாயங்காலம் இரண்டு படம் அனுப்பினான். ஒன்று எடுத்தபடியே. மற்றொன்றில் விஜயா இருந்தார், கம்பி இல்லை. "அம்மா ஓகே, ஸ்டாண்ட் மட்டும் எடுத்துட்டேன், செம நீட்" என்று குறிப்பு வேறு. அதில் அவர் மடக்கிய இரண்டு கைகளால் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

9. எந்தப் படம்

மணமக்கள் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானும் குணாவும் சிதம்பரத்துக்குப் போனோம். இரண்டு படத்தையும் காட்டினேன்.

நிவேதா உடனே இரண்டாவதைத் தொட்டார். "இது. அந்தக் கம்பி வேணாம். எங்கம்மா இன்னா லைட் புடிக்கவா வந்தாங்க?"

"கம்பி இருக்கட்டும் நிவி" என்றார் விஜயா.

"ஏன்?"

"அது இல்லன்னா, நீ அங்க இன்னா பண்ணேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பெத்த பொண்ணுக்குத் தாலி கட்றதப் பாத்தேன்னு சொல்லு."

"நீ மங்கலம்பேட்டைக்குப் போயிடுவ. இங்க இருக்கிறது நான்."

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்து போனார். அறிவுள்ள பிள்ளை.

விஜயா முதல் படத்தின் பக்கம் குனிந்தார். மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் தன்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஸ்டாண்டு சாஞ்சிருக்கே? நான் நேராத்தான் புடிச்சேன்."

"நேராத்தான் புடிச்சீங்க. கட்றப்ப சாஞ்சிடுச்சு."

அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். "அவ பக்கமா சாஞ்சிருக்கேன் போல" என்றார்.

நிவேதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "அண்ணா, இதையே போடுங்க" என்றார் குணாவிடம். "கம்பியோட. நேரா பண்ணிடாதீங்க."

ஆல்பம் கொடுக்கப் போன அன்று பெரியப்பா இருந்தார். தான் வரும் பக்கங்களில் நிதானமாகவும் வராத பக்கங்களில் வேகமாகவும் புரட்டிக்கொண்டு வந்தவர், அந்த இரண்டு பக்கப் படத்தில் நின்றார்.

"இன்னா தம்பி, லைட் புடிச்ச ஆளும் சேந்து விழுந்துருக்கு?"

"லென்ஸ் கொஞ்சம் வைடு ஐயா. வந்துட்டாங்க."

"பின்னாடி எல்லாம் பளிச்சுனு தெரியுது பாருங்க. மாப்ள வீட்டு ஆல்பத்துல பொண்ணும் மாப்ளையும்தான் தெரியுறாங்க, மத்ததெல்லாம் மங்கலா எவ்ளோ அழகா இருக்கு. அடுத்த தடவ நல்ல லென்ஸா வாங்குங்க."

"அந்த ஆல்பத்துல நீங்க இருக்கீங்களா ஐயா?" என்று குணா கேட்டான்.

பெரியப்பா ஆல்பத்தை மூடினார்.

என்ன லென்ஸ் வாங்கலாம் என்று இன்றும் தம்பிகள் கேட்கிறார்கள். மங்கலாக்கத் தெரிந்த லென்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வாங்குங்கள், தப்பில்லை, குணாவின் 85-ஐ நானும் இரவல் வாங்குகிறேன். மேடை ஏறுவதற்கு முன் மட்டும், யாரை மங்கலாக்கக் கூடாது என்று மணப்பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்காதீர்கள். பெரியப்பாவிடம் கேட்கவே கேட்காதீர்கள்.